156 டாலர் வாரம்: டென்னிஸ் கேள்வி பதில்

டென்னிஸைத் தொழிலாக எடுக்கலாமா என்று கேட்டு பெற்றோர்களும் ஆட்டக்காரர்களும் எழுதிக்கொண்டே இருக்கிறார்கள், பெரும்பாலும் பெங்களூர் வாசகர்கள். அந்த ஊரிலேயே கோச்சாக இருந்துகொண்டு, போட்டி சமயத்தில் ராக்கெட்டுக்கு ஸ்டிரிங் போடும் வேலையும் பார்க்கிற நம் பத்தியாளர் இந்த இதழில் பதில் சொல்கிறார்.

கேள்வி: அல்சூரில் இருக்கிறோம். மகனுக்கு 17 வயது. சின்ன வயதிலிருந்தே டென்னிஸ்தான், ஜூனியரில் மாநில அளவில் நன்றாக ஆடுகிறான். பியூசியோடு (பிளஸ் டூ) படிப்பை நிறுத்திவிட்டு முழுநேரமாக இறக்கிவிடுங்கள் என்கிறார் கோச். நான் தனியார் கம்பெனியில் சூப்பர்வைசர். ஓசூரில் ஒரு சைட் வாங்கிப் போட்டிருக்கிறேன், அதை விற்றுவிடலாமா? பையன் எப்போது சம்பாதிக்க ஆரம்பிப்பான்?
ஒரு அப்பா, அல்சூர்

பதில்: சைட் விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் வரவு என்ன, செலவு என்ன என்று பார்த்துவிடலாம், ஏனென்றால் இந்தக் கணக்கை கோச்சுகள் யாரும் உங்களுக்குப் போட்டுக் காட்டமாட்டார்கள்.

உங்கள் பையன் முதலில் இறங்கப்போவது எம்15 என்கிற போட்டிகளில். சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பான ஐடிஎஃப் நடத்துவது, தொழில்முறை டென்னிஸில் ஆகக் கீழ்ப் படி. 15 என்றால் மொத்தப் பரிசு 15 ஆயிரம் டாலர். ஒருவருக்கு இல்லை, ஒற்றையரில் ஆடும் 32 பேர், இரட்டையரில் ஆடும் 16 ஜோடி, எல்லாருக்கும் சேர்த்துத்தான் அந்தப் பணம். ஒற்றையர் முதல் சுற்றில் தோற்றால் 156 டாலர். டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் பதின்மூன்றாயிரத்துச் சொச்சம், அதிலும் நுழைவுக் கட்டணம் 40 டாலர் போகும், வரிப் பிடித்தம் போகும். ஒரு ஆட்டம் ஜெயித்து அடுத்ததில் தோற்றால் 258. காலிறுதி 438, அரையிறுதி 752, இறுதியில் தோற்றவருக்கு 1,272. கோப்பையைத் தூக்குகிறவருக்கு 2,160 டாலர், அதாவது 1,83,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. வாரத்தில் ஐந்து ஆட்டம் வரிசையாக ஜெயித்தால்தான் அதுவும். மெயின் டிரா என்கிற அந்த 32 பேரில் நேரடியாக இடம் கிடைக்காமல், அதற்கு முன் நடக்கும் தகுதிச் சுற்றான குவாலிஃபையிங்கிலேயே தோற்கிறவனுக்கு ஒன்றும் கிடையாது, விமான டிக்கெட்டும் ஓட்டல் வாடகையும் அவன் கணக்கில்தான்.

2017இல் இந்தக் கீழ்ப் படியின் பரிசை 10 ஆயிரத்திலிருந்து 15 ஆயிரம் டாலர் ஆக்கினார்கள். அதோடு சரி. அதற்குப் பிறகு விமானக் கட்டணமும் ஓட்டல் வாடகையும் எங்கே போயிருக்கிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

செலவைப் பற்றி ஐடிஎஃப்பே ஒரு ஆய்வு நடத்தியது. 2013ஆம் வருடக் கணக்குப்படி ஒரு ஆண் ஆட்டக்காரருக்கு வருடத்துக்குச் சராசரியாக 38,800 டாலர் செலவு. பயணம், தங்கல், சாப்பாடு, ஸ்டிரிங், துணி துவைப்பது எல்லாம் சேர்த்து, ஆனால் கோச் சம்பளம் இல்லாமல். வரவும் செலவும் சரிக்குச் சரியாக நிற்பதற்கு உலக ரேங்கில் 336ஆவது இடத்துக்குள்ளாவது இருக்க வேண்டும் என்று வந்தது. அந்த வருடம் தொழில்முறைப் போட்டிகளில் ஆடியவர்கள் ஏறத்தாழ 14 ஆயிரம் பேர், அதில் பாதிப் பேர் ஒரு டாலர்கூடப் பரிசு வாங்கவில்லை. பழைய கணக்குதான், ஆனால் அதற்குப் பிறகு செலவு குறைந்திருக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சரி, திறமை இருந்தால் இதையெல்லாம் தாண்டிவிடமாட்டானா என்று கேட்பீர்கள். இங்கேதான் வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. உலக ரேங்க் என்பது ஒரு வருடத்தில் ஆடிய போட்டிகளில் சிறந்த பதினெட்டு, பத்தொன்பது முடிவுகளின் பாயிண்டைக் கூட்டுவது. எம்15 போட்டியில் முதல் சுற்றில் தோற்றால் பூஜ்யம், ஒரு ஆட்டம் ஜெயித்தால் 1 பாயிண்ட், காலிறுதி வரை போனால் 2, கோப்பை ஜெயித்தால் 15. 52 வாரம் கழித்து அந்தப் பாயிண்ட் கழன்றுவிடும். ஆக, வருடத்துக்கு முப்பது வாரம் ஆடக் காசு இருக்கிறவன் பத்து வாரம் மோசமாக ஆடினாலும் அதைத் தூக்கிப் போட்டுவிடலாம். பத்து வாரத்துக்குத்தான் காசு இருக்கிறது என்றால் அந்தப் பதினெட்டு கட்டத்தை நிரப்பவே முடியாது, ஒவ்வொரு தோல்வியும் அப்படியே மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும். ஒரே தரத்தில் ஆடுகிற இரண்டு பையன்களில் ஒருவன் 400க்குள் வருவதும் இன்னொருவன் 900த்திலேயே நிற்பதும் பல நேரம் இதனால்தான். ஃபோர்ஹேண்டைக் குறை சொல்லிப் பயனில்லை.

கப்பன் பார்க்கில் இருக்கிற கேஎஸ்எல்டிஏ (கர்நாடக மாநில டென்னிஸ் சங்கம்) மைதானத்தில் போட்டி நடக்கும்போது ஸ்டிரிங் மேசையில் உட்கார்ந்திருந்தால் யார் கையில் எவ்வளவு இருக்கிறது என்று ராக்கெட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம். சீட் வாங்கிய, அதாவது ரேங்கை வைத்துப் போட்டியின் முன்வரிசையில் போடப்பட்ட ஆட்டக்காரர் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மூன்று நான்கு ராக்கெட்டைப் புதிதாகப் போடக் கொடுப்பார். நம் பையன்கள் ரீலாக வாங்கிய ஸ்டிரிங்கைப் பையிலிருந்து எடுத்து, அண்ணா கூலி மட்டும் வாங்கிக்குங்க என்பார்கள். 200 மீட்டர் ரீல், ஒரு ராக்கெட்டுக்கு 12 மீட்டர் போகும், பதினாறு தடவைக்கு வரும், அதை வெட்டும்போது பக்கத்திலேயே நின்று பார்ப்பார்கள், நான் ஒரு ஜாண் கூடுதலாக வெட்டிவிடக் கூடாதே என்று. ஒருமுறை ஒரு பையன் இரண்டு ராக்கெட் கொடுத்துவிட்டு ஆடப் போனான். முதல் ராக்கெட் முடிந்து இரண்டாவதை மெஷினில் மாட்டும்போது திரும்பி ஓடி வந்தான், சட்டை நனைந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. "அதைப் போடாதீங்கண்ணா, தோத்துட்டேன், அடுத்த ஊர்ல போட்டுக்கறேன்." தோற்ற வருத்தத்தைவிட அந்த ஒரு கூலி மிச்சமாக வேண்டுமே என்ற அவசரம்தான் அவன் முகத்தில் தெரிந்தது.

இன்னொன்று, போட்டியில் இடம் கிடைத்ததா என்பதே கிட்டத்தட்ட மூன்று வாரம் முன்னால்தான் தெரியும். அதுவரை காத்திருந்து டிக்கெட் போட்டால் விலை ஏறியிருக்கும், முன்கூட்டியே போட்டுவிட்டால் இடம் கிடைக்காமல் போகலாம். திங்கள்கிழமை தோற்றுவிட்டால் அடுத்த திங்கள் வரை எங்கே இருப்பது? துனிசியாவில் மொனாஸ்டிர், துருக்கியில் அன்டால்யா மாதிரி சில ஊர்களில் ஒரே விடுதியில் வாராவாரம் போட்டி நடத்துகிறார்கள், அங்கே போய் ஒரு மாதம் உட்கார்ந்துவிட்டால் விமானச் செலவாவது ஒருமுறையோடு போகும். ஐரோப்பாவுக்கு என்றால் நம் பாஸ்போர்ட்டுக்கு விசா வேறு. ஸ்பெயின்காரப் பையன் ரயில் ஏறிப் பக்கத்து நாட்டுப் போட்டிக்குப் போய்விடுவான், நம் பையன் விசா அப்பாயின்ட்மெண்டுக்குக் காத்திருப்பான். 2025 நவம்பரில் இந்தியாவின் முன்னணி ஆட்டக்காரர் சுமித் நாகலுக்கே சீன விசா மறுக்கப்பட்டு, அவர் சமூக வலைதளத்தில் பகிரங்கமாக உதவி கேட்க வேண்டியிருந்தது.

இப்போது சைட். விற்காதீர்கள். ஒரு சைட்டின் பணம் இந்த ஆட்டத்தில் இரண்டு மூன்று வருடத்துக்குத்தான் வரும், பத்தொன்பது வயதில் பையன் நன்றாக ஆட ஆரம்பிக்கிற நேரத்தில் தீர்ந்துபோகும், அதைவிடக் கொடுமை வேறில்லை. பியூசியை முடிக்கட்டும், தொலைநிலைக் கல்வியில் ஒரு டிகிரியில் சேரட்டும். சம்பளத்திலிருந்தும் சேமிப்பிலிருந்தும் கண் கலங்காமல் எடுக்கக்கூடிய தொகை வருடத்துக்கு எவ்வளவு என்று நீங்களும் வீட்டம்மாவும் முடிவு செய்துகொண்டு, அதில் இந்தியாவில் நடக்கும் எம்15, அதற்கு அடுத்த படியான எம்25 போட்டிகள் எத்தனை வாரம் ஆட முடியுமோ அத்தனை ஆடட்டும். முதல் பாயிண்ட் வருகிறதா, வந்தால் எத்தனை நாளில், யாரை ஜெயித்து என்று பார்த்துவிட்டு அடுத்த வருடத்தைப் பேசலாம். தமிழ்நாட்டுக்காக ஆடுகிற பையனாக இருந்தால் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் உதவித் திட்டங்கள் இருக்கின்றன, கர்நாடகாவுக்கு ஆடினால் இங்கே விசாரியுங்கள், இரண்டு மாநிலத்திலும் கால் வைக்க முடியாது.

கோச் சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. ஆனால் பையன் ஜெயித்தாலும் தோற்றாலும் இந்தத் தொழிலில் மாதாமாதம் நிச்சயமாகப் பணம் வாங்குகிறவர் அவர்தான். நானும் அந்த வகைதான்.

கேள்வி: சுமித் நாகல் பேங்க் கணக்கில் 80 ஆயிரம் ரூபாய்தான் இருந்தது என்று படித்தேன். இந்தியாவின் நம்பர் ஒன் ஆட்டக்காரருக்கா? நம்ப முடியவில்லையே.
வாசகர், டி. தாசரஹள்ளி

பதில்: அவரே சொன்னதுதான், 2023 செப்டம்பரில். 900 யூரோ. அந்த வருடம் அவர் இருபத்துச் சொச்சம் போட்டிகள் ஆடிப் பரிசாகவே 65 லட்சம் ரூபாய் அளவில் சம்பாதித்திருந்தார், ஆனால் கூடவே பயணம் செய்கிற ஒரு கோச்சை மட்டும் வைத்துக்கொண்டு வருடம் ஓட்டுவதற்கே 80 லட்சத்திலிருந்து ஒரு கோடி வரை ஆகிறது என்றார். பிசியோதெரபிஸ்ட் இல்லாமல். அந்த வருட ஆரம்பத்தில் ஜெர்மனியில் பயிற்சி எடுக்கவே காசில்லாமல், முன்னாள் ஆட்டக்காரர் சோம்தேவ் தேவ்வர்மன் போன்ற நண்பர்கள் கைகொடுத்தார்கள்.

அப்புறம் நடந்ததையும் சொல்ல வேண்டும். நான்கே மாதத்தில், 2024 ஜனவரி ஆஸ்திரேலிய ஓபனில் குவாலிஃபையிங் ஆடி உள்ளே வந்து, சீட் வாங்கிய அலெக்சாண்டர் பப்ளிக்கைத் தோற்கடித்தார். கிராண்ட் ஸ்லாம் ஆண்கள் ஒற்றையரில் சீட் வாங்கிய ஒருவரை இந்தியர் ஜெயித்தது, 1989இல் அதே போட்டியில் ரமேஷ் கிருஷ்ணன் வில்லாண்டரை ஜெயித்ததற்குப் பிறகு அதுதான் முதல்முறை. இரண்டாம் சுற்று வரை போனதற்கு 1,80,000 ஆஸ்திரேலிய டாலர், நம் பணத்தில் ஒரு கோடிக்குக் கொஞ்சம் குறைவு. அடுத்த மாதம் சென்னை சேலஞ்சரை (எம்15, எம்25க்கு மேலே இருக்கிற படி) ஜெயித்து முதல் நூறுக்குள் வந்தார், ஜூலையில் 68வரை போனார். இந்த ஆட்டத்தின் லட்சணம் இதுதான், முந்நூறாவது ஆளுக்குச் சோற்றுக்கே இழுபறி, நூறாவது ஆள் நான்கு கிராண்ட் ஸ்லாம்களிலும் முதல் சுற்றில் தோற்றாலே வருடம் ஓடிவிடும். 2025 அமெரிக்க ஓபனில் முதல் சுற்றில் தோற்றவருக்கே 1,10,000 டாலர் கொடுத்தார்கள். அந்த ஒரு தோல்வியின் பணத்தைச் சேர்க்க எம்15 கோப்பையை ஐம்பத்தொரு தடவை ஜெயிக்க வேண்டும்.

கேள்வி: ஆண்கள் தொழில்முறை டென்னிஸ் அமைப்பான ஏடிபி ஏதோ குறைந்தபட்ச வருமானம் தருகிறதாமே?
வாசகர், ஜெயநகர்

பதில்: தருகிறது, நல்ல திட்டம்தான். பேஸ்லைன் என்று பெயர், 2024இல் சோதனையாக ஆரம்பித்தார்கள். முதல் நூறு பேருக்கு 3 லட்சம் டாலர், 101 முதல் 175 வரை ஒன்றரை லட்சம், 176 முதல் 250 வரை 75 ஆயிரம் என்று வருட வருமானத்துக்கு ஒரு தரை போட்டார்கள், பரிசுப் பணம் அதற்குக் கீழே போனால் மீதியைக் கொடுப்பார்கள். 251ஆவது ஆளுக்கு? ஒன்றும் இல்லை. நமக்கு எழுதுகிற எல்லாரும் 251க்குக் கீழே இருக்கிறவர்கள்.

கேள்வி: கிரிக்கெட்டிலும் எல்லாரும் கோலி ஆகிவிடுவதில்லை. டென்னிஸ்காரர்கள் மட்டும் ஏன் இவ்வளவு புலம்புகிறார்கள்?
வாசகர், சிவாஜிநகர்

பதில்: ரஞ்சி கோப்பையில் முதன்முதலாக ஆட வருகிற பையனுக்கு ஒரு நாளைக்கு 40 ஆயிரம் ரூபாய். லீக் ஆட்டம் நான்கு நாள், அதாவது 1,60,000. பூஜ்யத்தில் அவுட் ஆனாலும் அதே தொகைதான், பயணமும் ஓட்டலும் சாப்பாடும் சங்கத்தின் செலவு. எம்15 போட்டியில் ஐந்து ஆட்டம் ஜெயித்துக் கோப்பை வாங்கினவன், செலவும் வரியும் போக இதைவிடக் குறைவாகத்தான் வீட்டுக்குக் கொண்டுவருவான். மற்ற 31 பேரைப் பற்றிப் பேசவே வேண்டாம். புலம்பாமல் என்ன செய்வார்கள்?

கேள்வி: எனக்கு 23 வயது. ஏடிபி ரேங்க் 900த்தைத் தாண்டி எங்கேயோ இருக்கிறது. வருடத்தில் சில மாதம் போட்டி, மீதி மாதம் சர்ஜாபூர் ரோட்டில் ஒரு அபார்ட்மெண்டில் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். கூட ஆடினவர்கள் ஐடி வேலையில் செட்டில் ஆகிவிட்டார்கள். வீட்டில் அம்மா எதுவுமே கேட்பதில்லை, அதுதான் கஷ்டமாக இருக்கிறது. தொடரலாமா, விட்டுவிடலாமா?
பெயர் வேண்டாம், பெங்களூர்

பதில்: தம்பி, உலகத்தில் 900ஆவது என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்த அபார்ட்மெண்ட்காரர்களுக்குத் தெரியாது, நீங்களும் மறந்துவிட்டீர்கள் போலிருக்கிறது. வேறெந்தத் தொழிலிலும் உலகத்தில் 900ஆவது ஆளாக இருப்பவன் பெங்களூரில் இரண்டு வீடு வாங்கியிருப்பான்.

ஆனால் பெருமை வாடகை கட்டாது. எனவே ஒன்று செய்யுங்கள், போன வருடம் தோற்ற ஆட்டங்களை எடுத்து வைத்துக்கொண்டு யாரிடம், எப்படித் தோற்றீர்கள் என்று பாருங்கள். 400, 500இல் இருக்கிறவர்களிடம் மூன்றாவது செட் வரை போய்த் தோற்றிருந்தால் உங்கள் ஆட்டத்தில் சரக்கு இருக்கிறது, வாரம்தான் போதவில்லை. ரேங்கே இல்லாத ஜூனியர் பையன்களிடம் நேர் செட்டில் தோற்றிருந்தால் அது வேறு பேச்சு. இந்தக் கேள்விக்கு உங்களைத் தவிர யாரும் பதில் சொல்ல முடியாது, நான் சொன்னால் அது குறி சொல்வதாகிவிடும்.

முதல் வகை என்றால் இன்னும் ஒரு சீசன் ஆடுங்கள் என்பேன், ஆனால் இப்போது ஆடுகிற மாதிரி இல்லை. ஒரு மாதம் கோச்சிங், நடுவில் ஒரு போட்டி, திரும்ப வந்து கோச்சிங் என்று ஆடுவதுதான் மிக மோசமான வழி. காலை ஆறு மணிக்குக் குழந்தைகளுக்குப் பந்து போட ஆரம்பித்து ஒன்பது மணிக்குத் தோள் அசந்துபோன பிறகு உங்கள் சொந்தப் பயிற்சி எங்கே உருப்படும்? ஆறு மாதம் முழுக்கச் சம்பாதியுங்கள், அப்புறம் நான்கைந்து வாரம் ஒரே இடத்தில், ஒரே செலவில், தொடர்ச்சியாக ஆடுங்கள். முதல் வாரத்தில் தோற்றாலும் கை பழகி மூன்றாவது வாரத்தில் ஜெயிப்பதை எத்தனையோ பேரிடம் பார்த்திருக்கிறேன்.

வேறு வருமானம் என்று பார்த்தால், ஜெர்மனியிலும் பிரான்சிலும் ஊருக்கு ஊர் டென்னிஸ் கிளப்புகள் தங்களுக்குள் லீக் ஆடுகின்றன. வெளிநாட்டு ஆட்டக்காரரைக் கூப்பிட்டு ஆட்டத்துக்கு இவ்வளவு என்று கொடுப்பார்கள், பல இடங்களில் தங்க இடமும் கிடைக்கும். கீழ்ப் படிகளில் ஆடும் பலருக்குக் கோடைகாலச் சாப்பாடே அதுதான். சென்னைக்காரர் பிரஜ்னேஷ் குணேஸ்வரன் ஜெர்மனியில் இருந்து பயிற்சி எடுத்தார், அங்கே கிளப்புக்கும் ஆடியிருக்கிறார். முழங்கால் காயத்தால் வருடக்கணக்கில் ஆட முடியாமல் கிடந்தவர், 2018இல் நம் கப்பன் பார்க்கிலேயே பெங்களூர் சேலஞ்சரை ஜெயித்து, 2019இல் 29 வயதில் முதல் நூறுக்குள் வந்து, 75வரை போனார். இந்த உதாரணத்தை எல்லா அகாடமியிலும் சொல்வார்கள். அவர் ஒருத்தர்தான் என்பதைச் சொல்லமாட்டார்கள், அதனால் நான் சொல்லிவிடுகிறேன்.

இரட்டையரையும் யோசியுங்கள். ஜீவன் நெடுஞ்செழியனும் விஜய் சுந்தர் பிரசாந்தும் 2024இல் சீனாவின் ஹாங்சோவில் ஏடிபி பட்டமே ஜெயித்தார்கள், இரண்டு பேரும் சென்னை. கோயம்புத்தூர் ஸ்ரீராம் பாலாஜி பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆடினார். நம் குடகுக்காரர் ரோகன் போபண்ணா 43 வயதில் இரட்டையரில் உலக நம்பர் ஒன் ஆனார். ஆனால் எம்15இல் இரட்டையர் கோப்பைக்கு ஜோடிக்கே 930 டாலர்தான், ஆளுக்குப் பாதி. சேலஞ்சர் மட்டத்துக்கு ஏறினால்தான் அதில் காசு, ஆகவே சரியான பார்ட்னர் கிடைக்காமல் அந்தப் பக்கம் தாவாதீர்கள்.

ரயில்வே, வருமான வரித் துறை, எண்ணெய் நிறுவனங்கள் இவற்றில் விளையாட்டு ஒதுக்கீட்டு அறிவிப்பு வரும்போதெல்லாம் விண்ணப்பம் போடுங்கள். ரேங்க் இருக்கும்போதே போட வேண்டும், ஆட்டத்தை விட்ட பிறகு போட்டால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

அம்மா கேட்கவில்லை என்றால் அவர்களுக்குத் தெரியவில்லை என்று அர்த்தமில்லை. நீங்களாகவே உட்கார்ந்து, இவ்வளவு வந்தது, இவ்வளவு போனது, இன்ன மாதம் வரை ஆடப்போகிறேன் என்று நோட்டில் எழுதிக் காட்டுங்கள். அன்றைக்கு ராத்திரி இரண்டு பேருமே நன்றாகத் தூங்குவீர்கள்.

கேள்வி: ஸ்டிரிங் போடும் மெஷின் வாங்கி வைத்துக்கொண்டால் செலவு மிச்சமாகுமா?
வாசகர், கோரமங்களா

பதில்: ஆட்டக்காரராக இருந்தால் ஆகும். பிறர் ராக்கெட்டுக்கும் போட்டுக்கொடுத்தால் வருமானமே வரும். விம்பிள்டனில் நடாலைத் தோற்கடித்த டஸ்டின் பிரவுன் இளவயதில் பெற்றோர் வாங்கிக்கொடுத்த வேனிலேயே படுத்துத் தூங்கி ஐரோப்பா முழுக்கப் போட்டி ஆடியவர், வண்டியிலேயே ஸ்டிரிங் மெஷின் வைத்து மற்றவர்களுக்குப் போட்டுக்கொடுத்துக் காசு சேர்த்தார். நீங்கள் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆடுகிறவர் என்றால் வேண்டாம், எங்கள் பிழைப்பில் மண் போடாதீர்கள்.

கேள்வி: மகளுக்கு 15 வயது. மாயா ராஜேஸ்வரன் மாதிரி வர வேண்டும் என்று ஆசைப்படுகிறாள். பெண் பிள்ளைகளுக்குச் செலவு கூடுதல் என்கிறார்களே, உண்மையா?
ஒரு அம்மா, ஜாலஹள்ளி

பதில்: உண்மைதான். ஐடிஎஃப் ஆய்வில் பெண்களுக்குச் சராசரிச் செலவு 40,180 டாலர் என்று வந்தது, ஆண்களைவிடக் கொஞ்சம் கூட. வரவும் செலவும் சரிக்கட்ட 253ஆவது ரேங்குக்குள் இருக்க வேண்டியிருந்தது. அதாவது பெண்களுக்குக் கதவு இன்னும் குறுகல். நடைமுறையில் நம் வீடுகளில் செலவு இரட்டிப்பாகிவிடும், ஏனென்றால் பையனை 18 வயதில் தனியாக அனுப்பிவிடுகிறோம், பெண்ணோடு அப்பாவோ அம்மாவோ கூடப் போகிறோம். போகத்தான் வேண்டும். ஆனால் எல்லாரும் எல்லா ஊருக்கும் போக வேண்டியதில்லை, ஒரே பிரிவில் ஆடும் இரண்டு மூன்று பெண்களின் வீட்டார் சேர்ந்துகொண்டு, இந்த வாரம் உங்கள் அம்மா, அடுத்த வாரம் எங்கள் அம்மா என்று முறை வைத்துப் போகிறவர்கள் பெங்களூரிலேயே இருக்கிறார்கள். கோர்ட்டில் ஒருத்திக்கொருத்தி போட்டி, ஓட்டலில் ஒரே அறை, பிள்ளைகளுக்கு அதில் ஒரு சங்கடமும் இல்லை, பெரியவர்களுக்குத்தான் முதலில் கொஞ்சம் முறைப்பாக இருக்கும்.

மாயா கோயம்புத்தூர்ப் பெண், 2025 பிப்ரவரியில் மும்பையில் பெண்கள் தொழில்முறை டென்னிஸ் அமைப்பான டபிள்யூடிஏவின் 125 வகைப் போட்டியில் குவாலிஃபையிங்கிலிருந்து அரையிறுதி வரை வந்தபோது வயது 15தான், பயிற்சி எடுக்கப் போனது ஸ்பெயினில் மயோர்க்காவில் இருக்கிற நடால் அகாடமிக்கு. அந்த வயதில் அந்த அளவுக்கு ஆடுவது லட்சத்தில் ஒன்று. உங்கள் மகள் பார்த்து ஆசைப்படட்டும், நீங்கள் அதை வைத்து அவளை அளக்காதீர்கள்.

கேள்வி: இந்தச் சின்னப் போட்டிகள் மீதுகூடப் பந்தயம் கட்டுகிறார்களாமே? பையனுக்கு இன்ஸ்டாகிராமில் தெரியாத ஆட்களிடமிருந்து மெசேஜ் வருகிறது, சில சமயம் கெட்ட வார்த்தையில்.
வாசகி, இந்திராநகர்

பதில்: கட்டுகிறார்கள். நடுவர் நாற்காலியில் உட்கார்ந்து ஸ்கோரைத் தட்டத் தட்ட அது உலகம் முழுக்கப் பந்தயக் கம்பெனிகளுக்குப் போகிறது, அந்தத் தகவலை விற்றுத்தான் சங்கங்களுக்குப் பெரிய வருமானம். பார்க்க பத்துப் பேர்கூட இல்லாத வெளிக் கோர்ட்டில் ஆடும் பையன் மீது, முகம் தெரியாத யாரோ எங்கேயோ பணம் கட்டியிருப்பான். 2018இல் சுயாதீன விசாரணைக் குழு ஒன்று இதைத் தெளிவாகவே எழுதியது, முறைகேடு அதிகம் நடப்பது கீழ்மட்டத்தில்தான், காரணம் அங்கே யாருக்கும் செலவுக்கே கட்டுப்படியாகவில்லை என்று. கீழ்மட்டப் போட்டிகளின் ஸ்கோர் தகவலை விற்பதை நிறுத்தச் சொன்னது. 156 டாலருக்கு ஆடுகிறவனிடம் ஒருத்தன் வந்து, ஆட்டத்தைக்கூட விட வேண்டாம், ஒரே ஒரு கேமை விடு, அதைப்போலப் பல மடங்கு தருகிறேன் என்றால் என்ன ஆகும் என்று கண்டுபிடிக்கக் குழு எதற்கு?

திட்டி வருகிற மெசேஜ்களும் பெரும்பாலும் இதன் மிச்சம்தான். டபிள்யூடிஏவும் ஐடிஎஃப்பும் 2024ஆம் வருடத்துக்கு எடுத்த கணக்கில், ஆட்டக்காரர்களுக்கு வந்த வசைப் பதிவுகளில் 40 சதவீதம் பந்தயத்தில் பணம் விட்டவர்கள் போட்டது. அதை பிளாக் செய்துவிட்டுப் போகலாம்.

ஆனால் யாராவது பேரம் பேசினால் அப்படி விட்டுவிடக் கூடாது. இது முக்கியம், பல பெற்றோருக்குத் தெரியாது: மறுத்துவிட்டால் மட்டும் போதாது, கேட்டார்கள் என்பதை ஐடிஐஏ என்கிற நேர்மைக் கண்காணிப்பு அமைப்புக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், தெரிவிக்காமல் இருப்பதே விதிமீறல். நாம்தான் ஒப்புக்கொள்ளவில்லையே என்று சும்மா இருந்தால் தண்டனை வரலாம். மெசேஜை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அன்றைக்கே தெரிவியுங்கள். ஒப்புக்கொண்டவர்களுக்கு ஆயுள் தடைவரை போயிருக்கிறது.

கேள்வி: அமெரிக்கக் கல்லூரி வழி நல்லதா? நான்கு வருடம் வீண் என்கிறார் எங்கள் கோச்.
ஒரு அப்பா, ஒயிட்ஃபீல்ட்

பதில்: வீண் இல்லை. சோம்தேவ் தேவ்வர்மன் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே 2007, 2008 இரண்டு வருடமும் அமெரிக்கக் கல்லூரிகளின் ஒற்றையர் சாம்பியன் ஆனவர், அப்புறம்தான் முதல் நூறுக்குள் போனார். மதுரைக்காரர் தட்சிணேஸ்வர் சுரேஷ் வேக் ஃபாரஸ்ட் கல்லூரிக்கு ஆடிக்கொண்டிருந்தவர், 2025 செப்டம்பரில் சுவிட்சர்லாந்தில், நாடுகளுக்கு இடையே நடக்கும் டேவிஸ் கோப்பையில் முதன்முதலாக இறங்கி, ரேங்கில் தன்னைவிட எவ்வளவோ மேலே இருந்த ஜெரோம் கிம்மைத் தோற்கடித்தார். நான்கு வருடமும் கோச், ஜிம், பிசியோ, ஸ்டிரிங், பயணம் எல்லாம் கல்லூரி செலவு. நான் மேலே எழுதிய வாரக் கணக்கைப் பார்த்தால் 18 வயதில் இதைவிட மலிவான வழி நம் ஆட்களுக்கு இல்லை.

ஆனால் ஸ்காலர்ஷிப் என்றாலே முழுச் செலவு என்று நினைத்துவிடாதீர்கள், ஆண்கள் அணிகளில் பாதி, கால் பங்கு என்று பிரித்துக் கொடுப்பதுதான் வழக்கம், மீதி டாலரில் உங்கள் தலையில். எழுத்தில் எத்தனை சதவீதம், எத்தனை வருடத்துக்கு என்று வாங்கிக்கொள்ளுங்கள். சேர்வதற்கு முன் தொழில்முறைப் போட்டிகளில் பரிசுப் பணம் வாங்குவதற்கும் விதிகள் உண்டு, அவை அடிக்கடி மாறும், ஏஜெண்ட் சொல்வதை நம்பாமல் கல்லூரி கோச்சுக்கே மெயில் போட்டுக் கேளுங்கள்.

கேள்வி: டிவியில் இல்லாத இந்த ஆட்டங்களை நேரில் பார்க்க முடியுமா?
வாசகர், மல்லேஸ்வரம்

பதில்: தாராளமாக. ஐடிஎஃப் தளத்தில் காலண்டர் இருக்கிறது, பெங்களூர் என்று தேடுங்கள். கேஎஸ்எல்டிஏவில் போட்டி என்றால் கப்பன் பார்க் மெட்ரோவில் இறங்கி நடந்துவிடலாம். இறுதி ஆட்டத்துக்குப் போகாதீர்கள், குவாலிஃபையிங் நாளுக்குப் போங்கள், கோர்ட்டுக்குப் பத்தடி தூரத்தில் நின்று பார்க்கலாம். நல்ல பாயிண்டுக்குக் கை தட்டுங்கள், சர்வீஸ் போடும்போது போன் பேசாதீர்கள். ஆட்டம் முடிந்து ஸ்டிரிங் மேசைப் பக்கம் வந்தால் மீதிக் கேள்விகளை அங்கேயே கேட்டுக்கொள்ளலாம்.